கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்: கிழக்குக் கரைப் பூங்காவில் காட்டுப்பூவும் அந்தி வெளிச்சமும்

சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று சோழமண்டலக் கரையில் எங்கே நின்றாலும் மாலைச் சூரியன் கடலில் இறங்காது. ஊருக்குப் பின்னால்தான் இறங்கும். இது தெரியாதவர் இல்லை. ஆனாலும் கேமராவைக் கையில் எடுத்ததும் பலர் கடலைப் பார்த்தே நிற்கிறார்கள். ஐந்தரை மணிக்குக் கடற்கரைப் பூங்காவுக்குள் நுழைந்து, அலையை நாற்பது படம் எடுத்து, வழியில் கண்ட பூவையும் நாலைந்து எடுத்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எல்லாமே தட்டையாக இருக்கும். கேமராமேல் குற்றமில்லை. வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வந்து பூவின் முகத்தில் நேராக விழுந்தது. நிழலெல்லாம் பூவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நிழல் தெரியாத படத்தில் வடிவமும் தெரியாது.

அப்படியே திரும்பி, கடல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்படி நில்லுங்கள். இப்போது சூரியன் எதிரே. அதே பூவின் இதழ் உள்ளே விளக்கு ஏற்றியது போல் ஒளிரும். தண்டின் மேலிருக்கும் மெல்லிய மயிர்கள் வெள்ளிக் கோடாகும். மணல்மேட்டின் விளிம்பு தனியே எழுந்து நிற்கும். கிழக்குக் கரையில் அந்திப் படம் என்றால் பெரும்பாலும் இந்தத் திரும்பல்தான். கடல் பக்கம் முகம் திருப்ப வேண்டிய நேரமும் உண்டு. அது சூரியன் மறைந்த பிறகு வரும். தனுஷ்கோடி, கன்னியாகுமரி போன்ற முனைகளின் கணக்கு வேறு. இங்கே சொல்வது நேராகக் கிழக்கே பார்த்த கரைக்கு.

பொன்வெயில் இங்கே குறைவு

ஐரோப்பியர் எழுதிய வழிகாட்டிகள் அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்கின்றன. அங்கே சூரியன் சாய்வாகச் சறுக்கி இறங்குகிறது. சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். இங்கே அது ஏறக்குறையச் செங்குத்தாக, நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் விழுகிறது. வெயில் நன்றாக மஞ்சள் கனிவது கடைசி 6 டிகிரியில்தான். ஆக, கையில் இருப்பது 25 நிமிடம்.

அந்த 25 நிமிடமும் முழுசாகக் கிடைக்காது. மேற்கே கட்டடமோ சவுக்குத் தோப்போ இல்லாத கடற்கரைப் பூங்கா அரிது. 12 மீட்டர் உயரச் சவுக்கு வரிசையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். சூரியன் 13 டிகிரி உயரத்தில் இருக்கும்போதே மரத்துக்குப் பின்னால் போய்விடும். அஸ்தமனத்துக்கு இன்னும் 50 நிமிடத்துக்கு மேல் இருக்க, உங்கள் பூ நிழலுக்குள் விழுந்துவிடும். அதே தோப்பிலிருந்து 200 மீட்டர் தள்ளிப் போனால் சூரியன் மூன்றரை டிகிரிக்கு இறங்கும்வரை வெயில் இருக்கும். இழப்பது கடைசிக் கால் மணி மட்டும். ஆகவே நாள்காட்டியில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்தைப் பார்த்துக் கிளம்பினால் ஏமாந்துபோவீர்கள். பார்க்க வேண்டியது, நீங்கள் நிற்கும் இடத்தில் சூரியன் மர உச்சியைத் தொடும் நேரம்.

அதை அளக்கக் கை போதும். கையை முழுவதும் நீட்டி, நாலு விரலையும் சேர்த்துப் படுக்கவாட்டில் பிடியுங்கள். சூரியனுக்கும் மர உச்சிக்கும் நடுவே நாலு விரல் அகலம் இருந்தால் அது ஏறத்தாழ 8 டிகிரி, அரை மணி நேரம். இரண்டு விரல் என்றால் கால் மணி. அளக்கும்போது சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள்; அதை மேல் விரலால் மறைத்துக்கொண்டு கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள்.

சென்னையில் நவம்பர் கடைசியில் அஸ்தமனம் 5:40 வாக்கில். ஜூலைத் தொடக்கத்தில் 6:40 வாக்கில். சூரியன் இறங்கும் இடமும் மாறும்: டிசம்பரில் நேர்மேற்கிலிருந்து 24 டிகிரி தெற்கே, ஜூனில் அதே அளவு வடக்கே. மார்கழியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கோடு போட்டது போல் வெயில் விழுந்த இடம் ஆனியில் நிழலாகக் கிடக்கும். பருவத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக் குறித்துவையுங்கள்.

பூவுக்கு நல்ல காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மணல்மேடு பச்சைப்பிடித்திருக்கும், தூசி அடங்கிய காற்றில் வெயில் தெளிவாக வரும். சித்திரை வைகாசியில் பூவும் குறைவு. மாலையில் மேற்கே இடிமேகம் எழுந்து வெயிலை மறிப்பதும் அடிக்கடி நடக்கும்.

மாலையில் எது விரிந்திருக்கும்?

கடற்கரைப் பூ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அடும்பு. மானின் குளம்பு போலப் பிளந்த இலையும் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூவுமாகச் சங்கப் புலவர் காலத்திலிருந்து நெய்தலுக்கு அடையாளம் அதுதான். ஆனால் அடும்பு காலையில் விரிந்து, வெயில் ஏறிப் பிற்பகல் ஆவதற்குள் சுருங்கிவிடும். மேகமூட்டமான நாளில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். மாலை ஐந்து மணிக்கு அடும்புப் பூ தேடி வருகிறவர் காண்பது நனைந்த காகிதம் போன்ற சுருளைத்தான். பூ வேண்டுமானால் காலை ஏழு முதல் ஒன்பதுக்குள் வாருங்கள். அப்போது சூரியன் கடல் பக்கம் இருப்பதால் இங்கே சொல்லும் திசையெல்லாம் தலைகீழாகும். மாலையில் அடும்பிடம் கேட்க வேண்டியது அதன் இலையையும் கொடியையும். நடுநரம்பில் லேசாக மடிந்து நிற்கும் இலைக்குப் பின்னால் வெயில் வந்தால் நரம்பு ஒவ்வொன்றும் எழுதியது போல் தெரியும். மணலில் பத்துப் பதினைந்து அடி நேராக ஓடும் கொடி, கண்ணைப் படத்துக்குள் இழுத்துச் செல்லும் கோடு.

நெருஞ்சியும் காலைக் கட்சி. முகத்தைச் சூரியனுக்கு நேரே வைத்திருக்கும் அந்த மஞ்சள் பூ மாலைக்குள் மூடிவிடும். அதன் முள் மட்டும் மூடாது. அதைப் பற்றிப் பிறகு.

மாலைக்கு நம்பக்கூடியவை வேறு. துத்தி பிற்பகலில்தான் விரியும். ஆரஞ்சு சாயல் மஞ்சளில் ஐந்து இதழ், மெல்லிய காம்பு. பூங்காவின் சுற்றுச்சுவர் ஓரத்தில் தோட்டக்காரர் கத்தி படாத இடத்தில் கட்டாயம் இருக்கும். அந்திமந்தாரை பெயருக்கேற்பச் சாயங்காலம் திறக்கும். அது காட்டுப்பூ அல்ல, தோட்டத்திலிருந்து தப்பி வந்து வேலியோரம் குடியேறியது. நித்தியகல்யாணியும் தும்பையும் நாள் முழுக்க இருக்கும். பிள்ளைகள் தாத்தாப்பூ என்று தலை கொய்து விளையாடும் வெட்டுக்காயப்பூண்டு, நீண்ட மயிர்க்காம்பில் தனியாக நிற்பதால் எதிர்வெயிலுக்கு அளவெடுத்துச் செய்தது போன்றது. பூவைவிட, உதிரத் தயாராக இருக்கும் அதன் விதைத்தலையைத் தேடுங்கள்.

எருக்கு எப்போதும் உண்டு. ஆனால் அதன் இதழ் மெழுகு போலத் தடித்தது, வெளிச்சம் ஊடுருவாது. எதிர்வெயிலில் எடுத்தால் கறுத்த கட்டியாகத்தான் வரும். எருக்கைப் பக்கவாட்டு வெயிலில் வையுங்கள். நடுவிலிருக்கும் கிரீடத்தின் மடிப்புகளில் நிழல் விழும்போதுதான் அதன் அழகு தெரியும். பொதுவாக எந்தப் பூவையும் படம் எடுக்கும் முன், அதன் நிழலில் குனிந்து சூரியனை நோக்கிப் பாருங்கள். இதழ் ஒளிர்ந்தால் எதிர்வெயில், ஒளிராவிட்டால் பக்கவெயில்.

நிழலின் விளிம்பைப் பிடியுங்கள்

மேற்கே இருக்கும் சவுக்குத் தோப்பு வெயிலைத் திருடுகிறது என்று மேலே சொன்னோம். அதே தோப்புதான் நமக்கு வேண்டிய கருந்திரையும். சூரியன் தோப்புக்குப் பின்னால் இருப்பதால், நம்மைப் பார்த்த பக்கம் முழுவதும் நிழல். சூரியன் மர உச்சிக்குச் சற்று மேலே இருக்கும்போது, வெயில் உச்சியைத் தாண்டி வந்து பூவின் முதுகில் விழும். பூவுக்குப் பின்னால் படத்தில் தெரிவதோ இருட்டு. ஒளிரும் பூ, இருண்ட பின்புலம். இந்த அமைப்பு ஓர் இடத்தில் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான் நிலைக்கும்.

ஆனால் அதை நீட்டிக்கலாம். மரநிழலின் விளிம்பு மணலில் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே வரும். சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது 12 மீட்டர் மரத்தின் நிழல் 68 மீட்டர் நீளம். 5 டிகிரிக்கு வரும்போது 137 மீட்டர். இருபது நிமிடத்தில் எழுபது மீட்டர், நிமிடத்துக்கு மூன்றரை மீட்டர். நீங்கள் அதற்கு முன்னே கடலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே இருந்தால், நிழல் விளிம்புக்கு ஐந்தாறு அடி முன்னால் இருக்கும் ஒவ்வொரு பூவும் அந்தக் கடைசி வெயிலில் ஒருமுறை எரியும். இதற்காகவே நாலரை மணிக்கு வந்து, தோப்பின் ஓரத்திலிருந்து அலை வரைக்கும் ஒரு நேர்கோட்டில் நடந்து, எங்கெங்கே நல்ல செடி நிற்கிறது என்று ஐந்தாறு இடங்களை முதலிலேயே தேர்ந்து வைக்க வேண்டும். வெயில் கனிந்த பிறகு தேட ஆரம்பித்தால் நிழல் முந்திவிடும்.

இந்த விளிம்பில் வைத்துப் பார்க்கவென்றே கரையில் ஒரு புல் இருக்கிறது: ராவணன் மீசை. இதன் பெண் செடியில் கதிர் முள்பந்தாகத் திரண்டு, முதிர்ந்ததும் காம்பிலிருந்து கழன்று, காற்றோடு மணலில் உருண்டு ஓடும். பெரியது கால்பந்து அளவு இருக்கும். நடுப்பகலில் பார்த்தால் வைக்கோல் கூளம். எதிர்வெயிலில் ஒவ்வொரு முள்ளும் பொற்கம்பி.

எடுக்கும் முறை இது. 100 முதல் 200 மி.மீ. லென்ஸில் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளிப் படுத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் நடுவும் பந்தின் நடுவும் ஒரே உயரத்தில், மணலிலிருந்து 10, 12 செ.மீ. மேலே இருக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் பின்புலம் வெயில்பட்ட மணலாகிவிடும். முள்ளின் நிறமும் மணலின் நிறமும் ஒன்று, இரண்டும் கலந்து ஒன்றுமில்லாமல் போகும். தாழ்ந்தால்தான் பந்துக்குப் பின்னால் தோப்பின் இருட்டு வரும். சூரியன் படச்சட்டத்துக்கு மேலே, வெளியே இருக்கட்டும். ஃபோகஸை உங்களுக்கு மிக அருகிலிருக்கும் முள்ளில் வைக்காதீர்கள். ஒளிர்வது பந்தின் விளிம்பு. அது பந்தின் நடுத்தளத்தில் இருக்கிறது. அங்கே ஃபோகஸ் வைத்து, லென்ஸ் துளையின் அளவை எஃப் 8 ஆக வையுங்கள் (எண் கூடினால் துளை சிறுக்கும், கூர்மை ஆழமாகும்). பலருக்கு இந்தப் படம் கெடுவது இந்த ஒரு தவறால்தான்: முன்முள் கூர்மையாகவும், எரியும் விளிம்பு பஞ்சாகவும் வந்துவிடும்.

இருண்ட பின்புலத்தைக் கண்டால் கேமரா படத்தை வெளுப்பாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவு, குறையுங்கள்; முள்நுனி வெள்ளையாக எரிந்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு. பின்புலம் வானமாக இருந்தால் நேர்மாறு: ஒரு ஸ்டாப் கூட்டாவிட்டால் பூ கறுத்துவிடும்.

பூவரசு வேறு வகை. மரம், அதனால் படுக்க வேண்டியதில்லை. காலையில் இளமஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டோடு திறக்கும் பூ, மாலைக்குள் செம்மை ஏறி, ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக மாறிவிடும். அந்தி வெளிச்சத்துக்குப் பொருத்தமான நிறத்தை அது தானாகவே பூசிக்கொள்கிறது. மணி போல் குவிந்தே இருப்பதால், பின்னாலிருந்து வெயில் விழுந்தால் பூ முழுவதும் கிண்ணவிளக்காகும். மரத்தின் அடியில், அடிமரம் சூரியனை மறைக்கும்படி நின்று, மேற்குப் பக்கக் கிளையில் கண்மட்டத்தில் இருக்கும் பூவைப் பாருங்கள். நீங்கள் நிழலில் நிற்பதால் லென்ஸின் மேல் வெயில் படாது, படம் வெளிறாது. எஃப் 5.6, ஷட்டர் 1/500 நொடி, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400 என்று தொடங்குங்கள்.

நிழல் இல்லாத இடத்தில் லென்ஸுக்கு மேலே உள்ளங்கையையோ தொப்பியையோ பிடித்து, அதன் நிழல் லென்ஸ் கண்ணாடியில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குள் கை தெரியாதவரை எவ்வளவு தாழ்த்தினாலும் நல்லது. எதிர்வெயிலில் பூவின் முன்பக்கம் ரொம்பவும் இருண்டால், ஒரு ஏ4 வெள்ளைத்தாளையோ தெர்மாகோல் துண்டையோ பூவிலிருந்து ஒரு முழம் தள்ளி உங்கள் பக்கத்தில் பிடியுங்கள், போதும். அலுமினியத் தாள் வேண்டாம். அது புள்ளிபுள்ளியாக அடிக்கும். ஃபிளாஷ் போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு ஸ்டாப் குறைத்து, மேலே தேன்நிறக் கண்ணாடித்தாளை ஒட்டுங்கள். இல்லையென்றால் அந்தி மஞ்சளுக்கு நடுவே பூ மட்டும் நீலம் பூத்து, தனியே வெட்டி ஒட்டியது போலிருக்கும்.

காற்று

பிற்பகல் முழுவதும் கடற்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசும். துத்தியும் தாத்தாப்பூவும் ஒரு நொடி நிற்காது. ஆனால் நீங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் காற்று வரும் பக்கம் உங்கள் உடம்பே தட்டி. கால்களை அகட்டிச் சம்மணமிட்டு, பூவுக்கு அருகே உட்காருங்கள். கூட ஒருவர் இருந்தால் உங்களுக்குப் பின்னால் குடையை விரித்துச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அப்படியும் கிட்டத்தில் எடுக்கும் பூவுக்கு 1/500 நொடிக்குக் குறையக் கூடாது. காற்று அலை அலையாகத்தான் வரும். பூ ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி வரும் முன் ஒரு கணம் நிற்கும். தொடர்ச்சியாக எட்டுப் பத்துப் படம் எடுத்தால் ஒன்றிரண்டு அந்தக் கணத்தில் மாட்டும். கூர்மை எவ்வளவு ஆழத்துக்குக் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். முழுச்சட்டக் கேமராவில், சென்சாரில் விழும் பிம்பம் நிஜப் பூவில் பாதி அளவு வரும்படி நெருங்கி எடுத்தால், எஃப் 8இல் கிடைப்பது மூன்று மி.மீ. மட்டும். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விலகினால் ஐந்து செ.மீ. கிடைக்கும். காற்றுள்ள நாளில் கொஞ்சம் விலகி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வதே நல்லது, மூன்று மி.மீட்டருக்குள் ஆடும் பூவை நிறுத்த முடியாது.

நிறத்தில் ஒரு கண்ணி உண்டு. மஞ்சள் பூவும் ஊதாப் பூவும் அந்தி வெயிலில் சிவப்புத் தடத்தில் முதலில் நிரம்பி வழியும். படத்தின் வெளிச்சப் பங்கீட்டைக் காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் சரியென்று காட்டும். இதழோ நரம்பில்லாத வெறும் பூச்சாக இருக்கும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாதீர்கள். அது அந்தி மஞ்சளைக் குறை என்று நினைத்துக் கழுவிவிடும். பகல்வெளிச்சம், 5200 அல்லது 5500 கெல்வின் என்று நிறுத்துங்கள். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தால் பிறகு மாற்றலாம்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு

முதலில் லென்ஸைத் துடையுங்கள். கடற்கரையில் கால் மணி நடந்தாலே அதன் மேல் உப்புப் படலம் ஏறிவிடும். எதிர்வெயிலில் படம் முழுவதும் பால் ஊற்றியது போல் வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பூவுக்கு ஒட்டி நெருங்காதீர்கள். நெருங்கினால் பல கைபேசிகள் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறி, மேக்ரோ என்று காட்டும். அதில் பின்புலத்தில் குப்பைத்தொட்டி முதல் விளக்குக்கம்பம் வரை எல்லாம் உள்ளே வந்துவிடும். மேக்ரோவை அணைத்து, ஓரடி ஒன்றரை அடி விலகி, 2x அல்லது 3x வையுங்கள். பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, இதழின் நரம்பு தெரியும் வரை இருட்டாக்குங்கள். பூவின் மட்டத்துக்குத் தாழ, கைபேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் மணலை ஒட்டி வந்துவிடும். போர்ட்ரெய்ட் முறை இங்கே உதவாது. ராவணன் மீசையின் முள்ளையும் தாத்தாப்பூவின் மயிரையும் அது பின்புலம் என்று நினைத்து அழித்துவிடும்.

சூரியன் போன பிறகு கிழக்கே திரும்புங்கள்

கூட்டம் கலையும் நேரத்தில்தான் கிழக்குக் கரையின் சொந்த வெளிச்சம் வருகிறது. சூரியன் மறைந்த சில நிமிடத்தில் கடலின் தொடுவானத்தில் சாம்பல் நீலமாக ஒரு பட்டை எழும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. மேற்கே கடல் உள்ள ஊர்க்காரர் இதைக் காண ஊர்ப்பக்கம் திரும்பிக் கட்டடங்களுக்கு மேலே தேட வேண்டும். நமக்கு அது கடல்மேலேயே தடையில்லாமல் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் தெளிவாக இருக்கும், பிறகு நிழல் ஏறி அதைக் கரைத்துவிடும்.

இப்போது வெளிச்சம் மேற்கு வானம் முழுவதிலிருந்தும் மென்மையாக வருவதால், பூவை நேர்முகமாக எடுத்தாலும் தட்டையாகாது. இந்த நேரத்துக்கு வெள்ளைப் பூ வேண்டும்: வெள்ளெருக்கு, தும்பை, வெள்ளை நித்தியகல்யாணி. 24 அல்லது 28 மி.மீ. லென்ஸைத் தாழ வைத்து, பூ இளஞ்சிவப்புப் பட்டையின் மேல் விழும்படி சட்டம் கட்டுங்கள். வெளிச்சம் வேகமாக இறங்கும். எஃப் 4இல், மறைந்த பத்தாவது நிமிடம் ஐ.எஸ்.ஓ. 400, 1/125 நொடி வாக்கில் இருக்கும். இருபதாவது நிமிடம் ஐ.எஸ்.ஓ. 800க்கு ஏற்றியும் 1/15 நொடிதான். அதற்குள் காற்று அடங்கியிருந்தால் ட்ரைபாட் உதவும். அடங்காவிட்டால் பூவை விட்டுவிட்டு மணலையும் வானத்தையும் எடுங்கள்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் இன்னும் நல்லது. நிலவு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். பௌர்ணமியன்று அது ஏறத்தாழச் சூரியன் மறையும்போது கடலிலிருந்து வரும். முந்தைய நாள் முக்கால் மணி முன்பே வந்து, இளஞ்சிவப்புப் பட்டை எழும் நேரத்தில் அதற்கு மேலே தொங்கும். நிலவும் பூவும் இரண்டுமே ஒரே எக்ஸ்போஷரில் அடங்குவது அன்றுதான்.

வெயில் இருக்கும்போது கிழக்கே பார்த்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் நிழலைக் கவனியுங்கள். சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது ஐந்தரை அடி ஆளின் நிழல் முப்பது அடிக்கு மேல். ஒரு தென்னையின் நிழலுக்குள் நின்றால் உங்கள் நிழல் அதில் மறையும். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்ட்டர் அந்தத் திசையில் வேலை செய்யாது, மேற்கேயும் செய்யாது. சூரியனுக்குச் செங்கோணமான வடக்கிலும் தெற்கிலும், அதாவது கரையின் நீளவாக்கில்தான் வானத்தை ஆழமாக்கும். மணலின் அலைவரிகளும் அந்தத் திசையில்தான் நன்றாக எழும்.

படுக்கும் முன்

மணலில் கையூன்றும் இடத்தைப் பாருங்கள். நெருஞ்சி முள் ரப்பர் செருப்பையே குத்தும், கோரைப்பாய் தடுக்காது. பழைய யோகா விரிப்போ, சாக்கின் மேல் தார்ப்பாயோ கொண்டுவாருங்கள். ராவணன் மீசையின் இலைநுனி ஊசி. அரைக்கால் சட்டையோடு அதற்குள் மண்டியிடாதீர்கள். எருக்கின் பால் கண்ணில் பட்டால் கெடுதல். செடியைத் தொட்டால் கையைக் கழுவிய பிறகுதான் வியூஃபைண்டரில் கண்ணை வைக்க வேண்டும்.

அடும்புக் கொடியும் ராவணன் மீசையும்தான் அந்த மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை. சட்டம் சுத்தமாக வர வேண்டும் என்று ஒரு கொடியை இழுத்து அப்புறப்படுத்தினால் அதன் கணுக்களில் இறங்கிய வேர் அத்தனையும் பிடுங்கிக்கொண்டு வரும். இடைஞ்சலான தண்டை ஒரு துணிக் கவ்வியால் பக்கத்துத் தண்டோடு பிடித்து வைத்து, எடுத்து முடிந்ததும் விடுவித்துவிடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதும் குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போவதும் இந்தக் கரையில்தான். கடலின் வெளிச்சத்தை நம்பி நடக்கும் குஞ்சு, விளக்கைக் கண்டால் ஊர்ப்பக்கம் திரும்பிவிடும். இருட்டிய பிறகு டார்ச்சும் ஃபிளாஷும் மணலில் வேண்டாம்.

ட்ரைபாடை மணலில் வெறுமனே நிறுத்தினால் ஒரு கால் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். 1/15 நொடியில் அது போதும் படத்தைக் கலைக்க. ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வையுங்கள். லென்ஸைக் கரையில் மாற்றாதீர்கள். மாற்ற வேண்டி வந்தால் பூங்காவின் உட்பக்கம் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாய் கீழ்நோக்கியிருக்க மாற்றுங்கள். குளிரூட்டிய காரில் வந்தவர்கள் பையைத் திறக்காமல் அரை மணி வெளியில் வையுங்கள். உடனே எடுத்தால் லென்ஸின் மேல் ஈரம் பூத்து, துடைக்கத் துடைக்க மறுபடி பூக்கும்.

வீட்டுக்கு வந்ததும் துணியைத் தொடும் முன் ஊதுபந்தால் மணலை ஊதித் தள்ளுங்கள். மணல் இருக்கத் துடைத்தால் கண்ணாடி கீறும். பிறகு சுத்தமான நீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் கேமராவின் மேல்புறத்தையும் லென்ஸையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை. உப்பு கரைய நல்ல தண்ணீர் வேண்டும்; உலர்ந்த துணி அதைப் பரப்பி விடும், அவ்வளவுதான். ட்ரைபாடின் கால்களை முழுவதும் நீட்டி, பூட்டுகளைத் தளர்த்தி, நல்ல தண்ணீரில் அலசி, நீட்டியபடியே தலைகீழாகச் சாய்த்து இரவு முழுவதும் உலரவிடுங்கள்.